வெள்ளெழுத்துக்குச் சொட்டு மருந்து: படிக்கும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடலாமா?

2024 செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு செய்தி நம் வாட்ஸ்அப் குழுமங்களில் வேகமாகச் சுற்றியது. கண்ணில் ஒரு சொட்டு விட்டால் போதும், 15 நிமிடத்தில் படிக்கும் கண்ணாடி இல்லாமலேயே படிக்கலாம். விலை 350 ரூபாய். அக்டோபரில் மருந்துக் கடைகளுக்கு வருகிறது என்பதுதான் அந்தச் செய்தி. மும்பையைச் சேர்ந்த என்டோட் நிறுவனத்தின் 'ப்ரெஸ்வியூ' என்ற அந்த மருந்துக்கு ஆகஸ்ட் மாதம்தான் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி வழங்கியிருந்தது. அடுத்த வாரமே, செப்டம்பர் 10 அன்று, அதே அமைப்பு அந்த அனுமதியை நிறுத்தி வைத்தது. அனுமதியில் இல்லாத விஷயங்களைச் சொல்லி நிறுவனம் விளம்பரம் செய்தது என்பதும், மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்தை எல்லோரும் கடையில் கேட்டு வாங்கும் பொருளைப் போல மக்கள் நினைக்கும்படி ஆகிவிட்டது என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள்.

முதல் செய்தி பரவிய அளவுக்கு இரண்டாவது செய்தி பரவவில்லை. அதனால்தான் இன்றும் "கண்ணாடியை ஒழிக்கும் சொட்டு மருந்து வந்துவிட்டதாமே, எங்கே கிடைக்கும்?" என்று கேட்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கேள்வியில் தவறில்லை. நாற்பதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் இது சொந்தப் பிரச்சினை. குர்ஆனை ஓத எடுத்தால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிகின்றன. ஊசியில் நூல் கோக்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. மாத்திரை அட்டையின் பின்னால் உள்ள தேதியைப் படிக்க முடியவில்லை. இந்த மருந்து உண்மையில் என்ன செய்கிறது, என்ன செய்யாது, யாருக்கு ஆகாது என்பதையும், நோன்பு நேரத்தில் இதை விடலாமா என்பதையும் இங்கே பார்ப்போம்.

நாற்பதில் என்ன நடக்கிறது?

நம் முன்னோர் இதை வெள்ளெழுத்து என்றார்கள். சாளேசரம் என்றும் சொல்வார்கள். இது நோய் அல்ல. தலைமுடி நரைப்பதைப் போல வயதோடு வருவது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சிறு வயதில் மிருதுவாக இருக்கும். அருகில் உள்ள பொருளைப் பார்க்கும்போது அதைச் சுற்றியுள்ள சிறு தசை சுருங்க, லென்ஸ் தடித்துக் கொடுக்கும். பத்து வயதுப் பிள்ளையால் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்த எழுத்தைக்கூடப் படிக்க முடியும். வயது ஏற ஏற லென்ஸ் இறுகுகிறது. நாற்பதில் அந்தத் தூரம் 22 சென்டிமீட்டர் அளவுக்குப் போகிறது. அறுபதில் ஒரு மீட்டரை நெருங்குகிறது. செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடித்துப் படிப்பது இதனால்தான். கை நீளம் போதாமல் ஆகும் நாளில் கண்ணாடிக் கடைக்குப் போகிறோம்.

ஏற்கெனவே கிட்டப்பார்வைக்காக மைனஸ் கண்ணாடி போட்டிருப்பவர்கள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். அதைக் கழற்றிவிட்டுப் படித்தால் பலருக்கு எழுத்து தெளிவாகிவிடும். ஆனால் அவர்களுடைய லென்ஸும் இறுகத்தான் செய்கிறது.

சொட்டு மருந்து அந்த லென்ஸை மீண்டும் மிருதுவாக்குவதில்லை. இதைத்தான் முதலில் மனதில் பதிய வைக்க வேண்டும். மருந்தின் வேலை வேறு இடத்தில் நடக்கிறது.

ஊசித் துளையின் தந்திரம்

ஒரு தாளில் குண்டூசியால் சிறு துளை போடுங்கள். படிக்கும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில், அந்தத் துளையைக் கண்ணருகே வைத்து அதன் வழியே சிறிய எழுத்தைப் பாருங்கள். மங்கலாக இருந்தது தெளிவாகத் தெரியும். கண்ணுக்குள் பல கோணங்களில் வந்து சிதறும் கதிர்களை அந்தத் துளை தடுத்துவிடுகிறது. நேராக வரும் மெல்லிய கதிர் மட்டும் உள்ளே போகிறது. அதே நேரம் காட்சி சற்று இருண்டிருப்பதையும் கவனிக்கலாம். சொட்டு மருந்தின் நன்மையும் குறையும் இந்த ஒரே சோதனையில் அடங்கியிருக்கின்றன.

துளை சிறிதானால் பிம்பம் கூர்மையாகும் என்பதை ஆராய்ந்து எழுதியவர்களில் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் முக்கியமானவர். சூரிய கிரகணத்தின்போது சிறு துளை வழியே விழும் ஒளி பிறை வடிவில் தெரிவதையும், துளையைப் பெரிதாக்கினால் அந்தப் பிறை மறைந்து வட்டமாகிவிடுவதையும் அவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விளக்கியிருக்கிறார். இன்றைய சொட்டு மருந்து செய்வது, கருவிழியின் நடுவே உள்ள கண்பாப்பாவையே ஊசித் துளை போலச் சுருக்குவதுதான்.

அப்படிச் சுருக்கும் மருந்தின் பெயர் பைலோகார்பின். பிரேசில் நாட்டின் ஜபொராண்டி என்ற செடியின் இலையிலிருந்து 1875இல் இதைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே கண் அழுத்த நோயான க்ளாக்கோமாவுக்கு இதைக் கண்ணில் விடத் தொடங்கிவிட்டார்கள். ஆக, 'புதிய கண்டுபிடிப்பு' என்று விளம்பரப்படுத்தப்பட்ட மருந்துக்கு வயது ஏறக்குறைய 150. அதன் அளவைக் குறைத்து, கண் எரிச்சல் குறையும்படி கரைசலை மாற்றி, வெள்ளெழுத்துக்குப் பயன்படுத்துவதுதான் புதிது.

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 அக்டோபரில் 1.25 சதவீதப் பைலோகார்பின் கொண்ட 'வியூட்டி' என்ற மருந்தை வெள்ளெழுத்துக்காக அனுமதித்தது. 2023இல் 0.4 சதவீத அளவில் 'க்ளோசி' வந்தது. 2025 ஜூலை இறுதியில் அசெக்ளிடின் என்ற வேறொரு மருந்தைக் கொண்ட 'விஸ்' அனுமதி பெற்றது. இது கண்ணுக்குள் உள்ள தசையை அதிகம் இழுக்காமல் கண்பாப்பாவை மட்டும் பெரும்பாலும் சுருக்குகிறது. பலன் 10 மணி நேரம் வரை நிற்கலாம் என்று கூறப்படுகிறது.

எத்தனை பேருக்குப் பலித்தது?

விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். வியூட்டி மருந்தின் அனுமதிக்கு அடிப்படையாக இருந்த இரண்டு ஆய்வுகளில் 40 முதல் 55 வயதுக்குட்பட்ட 750 பேர் கலந்துகொண்டார்கள். 30ஆம் நாள், மருந்து விட்டு மூன்று மணி நேரம் கழித்து, குறைந்த வெளிச்சத்தில் சோதித்தபோது, தூரப் பார்வை கெடாமல் அட்டையில் மூன்று வரிகள் கூடுதலாகப் படிக்க முடிந்தவர்கள் ஓர் ஆய்வில் 100க்கு 31 பேர். மற்றொன்றில் 26 பேர். மருந்தில்லாத வெறும் கரைசலை விட்டவர்களிலும் முறையே 8 பேரும் 11 பேரும் அந்த அளவுக்கு முன்னேறியிருந்தார்கள். அதாவது, அந்த அளவு பெரிய பலன் கிடைத்தது பத்துப் பேரில் மூவருக்கு. மற்றவர்களுக்குச் சிறிதளவு பலன் இருந்திருக்கலாம். ஆனால் கண்ணாடியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்ற பேச்சுக்கும் இந்த எண்களுக்கும் இடையே தூரம் அதிகம்.

பலன் 15 நிமிடத்தில் தொடங்குகிறது என்பது உண்மை. ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் அது வடிந்துவிடுகிறது என்பதும் உண்மை. மறுநாள் மீண்டும் விட வேண்டும்; பலன் வேண்டும் நாளெல்லாம் விட வேண்டும். அமெரிக்காவில் ஒரு மாத மருந்துக்கு ஏறத்தாழ 80 டாலர் ஆனது. 55 வயதுக்கு மேல் லென்ஸ் மேலும் இறுகிவிடுவதால், 45 வயதுக்காரருக்குக் கிடைக்கும் உதவி 65 வயதுக்காரருக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கண்புரை அறுவைச் சிகிச்சை செய்து லென்ஸ் வைத்துக்கொண்டவர்கள் பொதுவாக இந்த ஆய்வுகளில் சேர்க்கப்படவில்லை. நம் வீடுகளில் 'படிக்கவே முடியவில்லை' என்று வருந்தும் பெரியவர்கள் பலர் இந்த வகையினர்தான்.

2025 செப்டம்பரில் கோபன்ஹேகனில் நடந்த ஐரோப்பியக் கண் அறுவை மருத்துவர்கள் மாநாட்டில் இன்னொரு ஆய்வு பேசப்பட்டது. அர்ஜென்டினாவின் புவெனோஸ் அயர்ஸ் நகரில் உள்ள ஒரு மையம், பைலோகார்பினுடன் டைக்ளோஃபெனாக் என்ற அழற்சி குறைக்கும் மருந்தைச் சேர்த்து நாளொன்றுக்கு இருமுறை 766 பேருக்குக் கொடுத்திருக்கிறது. பைலோகார்பினால் வரும் எரிச்சலையும் வலியையும் தணிக்கத்தான் டைக்ளோஃபெனாக். பெரும்பாலோர் இரண்டு, மூன்று வரிகள் கூடுதலாகப் படித்தார்கள் என்றும் சிலருக்குப் பலன் இரண்டு ஆண்டுகள் வரை தொடர்ந்தது என்றும் அறிவித்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது ஒரே மையத்தில், ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்களின் பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்துச் செய்த ஆய்வு. மருந்து விட்டவரையும் வெறும் கரைசல் விட்டவரையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வல்ல. அங்கும் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பார்வை தற்காலிகமாக மங்கலாகி இருண்டது. வேறு இடங்களிலும் இதே முடிவு வந்தால் அப்போது நம்பலாம்; அதுவரை இதை நல்ல செய்தியின் தொடக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இருட்டும் விழித்திரையும்

கண்பாப்பா சுருங்கினால் உள்ளே போகும் ஒளி குறையும். பகலில், நல்ல வெளிச்சத்தில் அது பெரிதாகத் தெரியாது. மங்கிய வெளிச்சத்தில் தெரியும். மாலையில் மருந்தை விட்டுவிட்டு இஷா தொழுகைக்கு இரு சக்கர வாகனத்தில் கிளம்புபவர், எதிரே வரும் வண்டியின் விளக்கு ஒளிக்கும் தெருவின் இருட்டுக்கும் இடையே தடுமாறக்கூடும். ஃபஜ்ருக்கு முன்பு விடுபவருக்கும் இதே கதைதான். இரவில் வாகனம் ஓட்டுபவர்களும், குறைந்த வெளிச்சத்தில் ஆபத்தான வேலை செய்பவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று மருந்துடன் வரும் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. அதே போல, மருந்து விட்டவுடன் அருகிலிருந்து தூரத்துக்குப் பார்வையை மாற்றும்போது சிறிது நேரம் தெளிவில்லாமல் இருக்கலாம். நெற்றி வலியும் தலைவலியும் கண் சிவத்தலும் பலருக்கு வருகின்றன.

இவையெல்லாம் தற்காலிகத் தொல்லைகள். அரிதாக வந்தாலும் நிரந்தரமாகப் பார்வையைப் பறிக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. பைலோகார்பின் கண்ணுக்குள் உள்ள தசையைச் சுருக்கும்போது அதன் இழுப்பு விழித்திரையின் ஓரம் வரை போகிறது. ஏற்கெனவே விழித்திரை மெலிந்தோ கிழிந்தோ இருப்பவருக்கு, அந்த இழுப்பில் விழித்திரை கழன்றுவிடலாம். அதிகப் பவர் உள்ள மைனஸ் கண்ணாடி போட்டவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். மருந்து விடும் ஒருவருக்குக் கண்ணுக்குள் மின்னல் போல் ஒளி தெறித்தாலோ, திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை இறங்கியது போல் ஒரு பக்கம் மறைந்தாலோ, அன்றைக்கே கண் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. அதனால்தான் இந்த மருந்தைத் தொடங்குமுன் கண்பாப்பாவை விரியச் செய்து விழித்திரையைப் பார்த்துக்கொள்வது அவசியமாகிறது. கண்ணுக்குள் அழற்சி இருப்பவர்களுக்கும் இது ஆகாது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். க்ளாக்கோமாவுக்கான 2 சதவீதப் பைலோகார்பின் பல காலமாக மருந்துக் கடைகளில் இருக்கிறது. "அதே மருந்துதானே, விலையும் குறைவு" என்று யாரும் அதை வாங்கிக் கண்ணில் விட வேண்டாம். அது வெள்ளெழுத்துக்காகச் செய்யப்பட்ட கரைசலும் அல்ல, அளவும் அல்ல. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்கி வரச் செய்து, பரிசோதனை இல்லாமல் விடுவதும் அதே வகைதான். போகிற போக்கில் சுர்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணுக்கு நல்லது, வெள்ளெழுத்து போகும் என்று சொல்லி விற்கப்படும் சுர்மாக்களில் ஈயம் கலந்த கனிமம் இருப்பது பல நாடுகளின் சோதனைகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. சுன்னத்தான இத்மிதின் பெயரைச் சொல்லி ஈயத்தை விற்பவரிடம், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, வாங்கிவிடாதீர்கள். இறுகிய லென்ஸை எந்தச் சுர்மாவும் இளக்காது.

அப்படியானால் கண்ணாடியா?

பெரும்பாலானவர்களுக்கு ஆம் என்பதே நமது கருத்து. படிக்கும் கண்ணாடிக்குப் பக்க விளைவு இல்லை. பலன் ஆறு மணி நேரத்தில் முடிவதில்லை. சில நூறு ரூபாயில் சில ஆண்டுகள் ஓடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வெள்ளெழுத்து இருந்தும் அதற்கான கண்ணாடிகூடக் கிடைக்காமல் இருப்பவர்கள் உலகில் 82 கோடிக்கும் அதிகம். அவர்களுக்குத் தேவை புதிய சொட்டு மருந்தல்ல.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2018இல் வெளியானது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த தேயிலையின் அளவு, பெறாதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. எழுத்துப் படிப்பவருக்கு மட்டும்தான் கிட்டத்துப் பார்வை என்று நினைப்பது எவ்வளவு தவறு! கொழுந்தைப் பார்த்துக் கிள்ளவும் அதுதான் வேண்டும். பங்களாதேஷின் கிராமங்களில் தையல், கைவினை, கடை வேலை என்று பிழைப்பவர்களிடம் நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. அங்கே கண்ணாடி பெற்றவர்களின் மாத வருமானம் மற்றவர்களைவிட 33 சதவீதம் உயர்ந்திருந்தது. நம் பகுதிகளில் பாய் முடையும், பீடி சுற்றும், வீட்டிலிருந்தே துணி தைக்கும் தாய்மார்களை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் பொருள் விளங்கும். கண் தெரியவில்லை என்று தையல் இயந்திரத்தை ஓரம் கட்டிவிட்ட ஒரு சகோதரிக்கு ஒரு கண்ணாடி வருமானத்தைத் திருப்பித் தரும். ஜகாத், ஸதகாவைத் திட்டமிடும் ஜமாஅத்துகள் இதை யோசிக்கலாம். ஒரு ஜும்ஆ நாளில் கண் பரிசோதனை முகாம் வைத்துக் கண்ணாடி வழங்க ஆகும் செலவு பெரிதல்ல.

கடையில் நாமே போட்டுப் பார்த்து வாங்கும் கண்ணாடி எழுத்தைக் காட்டும்; கண்ணின் நிலையைச் சொல்லாது. க்ளாக்கோமா வலியின்றிப் பார்வையைத் தின்கிறது. சர்க்கரை நோய் விழித்திரையின் நுண் இரத்தக் குழாய்களைக் கெடுக்கும்போதும் ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. இரண்டுமே நாற்பதுக்குப் பின் கூடுகின்றன. ஆகவே முதல் படிக்கும் கண்ணாடி வாங்கும் நாளிலாவது கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

சொட்டு மருந்து யாருக்குத்தான் பயன்படும்? 40 முதல் 55 வரை உள்ளவர். தூரப் பார்வை நன்றாக இருப்பவர். விழித்திரை ஆரோக்கியமாக இருப்பதை மருத்துவர் உறுதி செய்தவர். பகலில் மட்டும், குறிப்பிட்ட சில மணி நேரத்துக்குக் கண்ணாடி இல்லாமல் வேலை செய்ய விரும்புபவர். இரவில் வாகனம் ஓட்டாதவர். செலவு பொருட்டில்லை என்றால் இவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டு மருந்து விட்டு, பத்து நிமிடம் கழித்தே மீண்டும் அணிய வேண்டும். வேறு காரணத்துக்காகக் கண் மருத்துவரிடம் போகும்போதும் இந்த மருந்து விடுவதைச் சொல்லிவிட வேண்டும். சுருங்கிய கண்பாப்பா வழியே விழித்திரையைப் பார்ப்பது அவருக்குக் கடினம்.

நோன்பு வைத்துக்கொண்டு விடலாமா?

ரமளானில்தான் குர்ஆன் ஓதுவது அதிகம் என்பதால் இந்தக் கேள்வி இயல்பாகவே எழுகிறது. ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது. தொண்டையில் அதன் சுவை தெரிந்தாலும் முறியாது. வயிற்றுக்குச் செல்லும் திறந்த வழியாகக் கண் கருதப்படுவதில்லை என்பதே காரணம். தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு மத்ஹபுகளைப் பின்பற்றுபவர்கள். மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் மருந்து தொண்டையை எட்டினால் நோன்பு முறியும் என்ற கருத்து உள்ளது. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கண் சொட்டு மருந்து நோன்பை முறிக்காது, தொண்டைக்கு வருவதை விழுங்காமல் தவிர்க்க வேண்டும் என்று தீர்மானித்தது. மாற்றுக் கருத்தைப் பின்பற்றுபவர்கள் தங்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

கண்ணில் விட்ட மருந்து தொண்டைக்கு வருவது எப்படி என்றால், கண்ணின் உள் மூலையிலிருந்து மூக்குக்குள் இறங்கும் மெல்லிய கண்ணீர்க் குழாய் வழியாகத்தான். சொட்டை விட்டவுடன் கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய அந்த மூலையை விரல் நுனியால் ஒன்றிரண்டு நிமிடம் இலேசாக அழுத்திப் பிடித்தால், பெரும்பகுதி கண்ணிலேயே தங்கிவிடும். மருத்துவர்களும் இதையே சொல்கிறார்கள். உடலுக்குள் மருந்து பரவுவதும் அப்போது குறையும். மருத்துவரின் ஆலோசனையோடு இதைப் பயன்படுத்துபவர் ரமளானில் காலை வெளிச்சம் நன்றாக வந்த பிறகு விட்டுக்கொண்டால், லுஹர் வரை ஓதுவதற்கு உதவும். இஃப்தாருக்குப் பின் தராவீஹுக்கு வண்டியில் கிளம்பும் நேரத்தில் மருந்தின் வேகம் அடங்கியிருக்கும்.